தேயிலைக்குப் போட்ட தண்டவாளம்

கண்டியிலிருந்து வத்தேகம ஊடாகப் பன்வில செல்லும் பாதை எனக்கு நன்கு பழக்கமானது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பத்திரிகைத் தொழிலுக்கு வந்த புதிதில், தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் ஒன்றைப் பற்றிச் செய்தி சேகரிக்க அங்கே போயிருந்தேன். செய்தி கிடைத்துவிட்டது. அதைக் கொழும்புக்கு அனுப்புவதுதான் பெரும்பாடாக இருந்தது. தபாலகத்தில் ட்ரங்க் கோல் பதிவு செய்துவிட்டு மூன்று மணித்தியாலம் வாங்கில் உட்கார்ந்திருந்தேன். இணைப்புக் கிடைத்தபோது மறுமுனைக் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. "நானூறு தொழிலாளர்" என்று தொண்டை கிழியக் கத்தினேன். மறுநாள் பத்திரிகையில் "நூறு தொழிலாளர்" என்று வந்திருந்தது. மீதி முந்நூறு பேரையும் நான் விழுங்கிவிட்டதாகத் தொழிற்சங்கத் தோழர் ஒருவர் பல மாதங்கள் என்னைக் கடிந்துகொண்டார்.

அண்மையில் மீண்டும் அந்தப் பக்கம் போக நேர்ந்தது. நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்தில், பன்வில நகருக்கு மேலேயுள்ள ஒரு தோட்டத்தில், நண்பர் ஒருவரின் உறவினர் வீட்டுக்குச் சென்றேன். தாயார் கொழுந்து பறிக்கப் போயிருந்தார். மூத்த மகன் ஜன்னலோரமாக மேசையைப் போட்டு மடிக்கணினியில் வேலை செய்துகொண்டிருந்தார். கொழும்பிலுள்ள மென்பொருள் நிறுவனம் ஒன்றில் உத்தியோகம். ஐரோப்பிய மருத்துவமனை ஒன்றுக்கான நோயாளர் பதிவு மென்பொருளில் பிழைகளைக் கண்டுபிடிப்பது அவரது பணி. "சிக்னல் இந்த ஜன்னல் பக்கத்தில மட்டுந்தான் ஐயா நிக்கும். மழை வந்தால் அதுவும் போயிரும்" என்றார் சிரித்தபடி. மழை வரவில்லை. அவர் இங்கே தட்டிய எழுத்து அடுத்த விநாடியே கடல் கடந்து போய்ச் சேர்ந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு கேள்வி என்னை அரித்துக்கொண்டே இருந்தது. தபாலக வாங்கிலிருந்து இந்த ஜன்னலோர மேசை வரையிலான தூரத்தை யார் கடக்க வைத்தார்கள்? மென்பொருள் துறையில் பல்லாண்டு பழுத்த கொழும்பு நண்பர் ஒருவரிடம் கேட்டால் அவரது பதில் ஆயத்தமாக இருக்கும்: "அரசாங்கம் எங்கள் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. அதனால்தான் நாங்கள் வளர்ந்தோம்." இந்த வாசகத்தை இலங்கையில் மட்டுமன்றி இந்தியாவிலும் கேட்டிருக்கிறேன். கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. வரலாறு அப்படிச் சொல்லவில்லை என்பதே என் எண்ணம்.

முதலில் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் பின்னோக்கிச் செல்லுவோம். கண்டி மலைகளில் அப்போது கோப்பிதான் பயிர். மூட்டைகளை மாட்டு வண்டிகளில் ஏற்றிக் கொழும்புத் துறைமுகத்திற்குக் கொண்டு சேர்ப்பதற்குள் வாரங்கள் ஓடிவிடும். புகையிரதப் பாதை அமைப்பதற்கென 1845இல் ஒரு தனியார் கம்பனி தோன்றியது. பதினாறு ஆண்டுகள் கழித்து, 1861இல், அந்த முயற்சி கைவிடப்பட்டு, வேலையைக் காலனித்துவ அரசே கையேற்றது. 1867இல் புகையிரதம் கண்டியை அடைந்தது. அதே 1867இல்தான் கண்டி மாவட்டத்தின் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் வணிக முறையில் தேயிலை பயிரிட்டார். அடுத்த சில ஆண்டுகளில் நோய் விழுந்து கோப்பி அழிந்தது. ஆனால் தண்டவாளம் அங்கேயே இருந்தது. கோப்பிக்குப் பதிலாகத் தேயிலைப் பெட்டிகள் ஏறின. 1880இல் பாதை மாத்தளை வரை நீண்டது. அந்தப் பாதையில்தான் வத்தேகம நிலையம் இருக்கிறது.

தோட்டத் துரைமாரின் ஊக்கமும், தென்னிந்தியாவிலிருந்து நடந்தும் கப்பலேறியும் வந்த நம் முன்னோரின் உழைப்பும் இன்றித் தேயிலை இல்லை. ஆனால் அரசு போட்ட தண்டவாளமும் இன்றி இல்லை. ஒரு தொழில்துறை தன்னால் செய்துகொள்ள முடியாத காரியத்தை அரசு செய்ததா, எப்போது செய்தது, யாருக்காகச் செய்தது என்பதே கேள்வி. மென்பொருளுக்கும் இதே கேள்வியைத்தான் கேட்க வேண்டும்.

இலங்கையின் முதல் கணினி 1967இல் அரச பொறியியற் கூட்டுத்தாபனத்தில் நிறுவப்பட்டது. கொங்கிறீற்றுக் கட்டடங்களின் கணக்குகளைப் போடுவதற்காக அரச நிறுவனம் ஒன்று வாங்கிய இயந்திரம் அது. 1977இல் ஜே.ஆர். ஜயவர்தன பொருளாதாரத்தைத் திறந்துவிட்டதும் தனியார் நிறுவனங்களும் கணினிகளை இறக்குமதி செய்யத் தொடங்கின. 1983இல் தேசிய கணினிக் கொள்கை வகுக்கப்பட்டது. அதன் வழியாக 1984இல் 'சின்டெக்' என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட கணினி மற்றும் தகவல் தொழில்நுட்பச் சபை பிறந்தது. அதன் முதல் தலைவர் மொஹான் முனசிங்க. பின்னர் நெடுங்காலம் அதற்குத் தலைமை தாங்கியவர் பேராசிரியர் வி.கே. சமரநாயக்க; கொழும்புப் பல்கலைக்கழகத்தில் கணினிக் கல்வியை வளர்த்தெடுத்து 2007இல் மறைந்தவர். வளர்முக நாடொன்று அத்தனை முன்கூட்டியே கணினிக்கென ஒரு கொள்கை வகுத்தது உண்மையிலேயே பாராட்டுக்குரியது.

ஆனால் 1983 என்ற ஆண்டை எழுதும்போது தமிழ்ப் பத்திரிகையாளன் எவனுக்கும் பேனா ஒரு கணம் நின்றுவிடும். கணினிக் கொள்கை எழுதப்பட்ட அதே ஆண்டின் ஆடி மாதத்தில் கொழும்பில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. பொறியியலாளர், கணக்காளர், கணித ஆசிரியர் எனப் படித்தவர்கள் கூட்டங்கூட்டமாக வெளியேறினார்கள். கட்டுநாயக்காவில் தொழிற்சாலை அமைக்க முன்வந்திருந்த மோட்டரோலா, ஹரிஸ் ஆகிய அமெரிக்க மின்னணு நிறுவனங்கள் தங்கள் திட்டங்களைக் கைவிட்டன. எண்பதுகளின் இறுதியில் தெற்கில் எழுந்த கிளர்ச்சியினால் பல்கலைக்கழகங்கள் நீண்டகாலம் மூடிக்கிடந்தன. கணினி வாங்குவதற்கு ஒரு கொள்கை இருந்தது. அதை இயக்கத் தெரிந்தவனை நாட்டில் வைத்திருப்பதற்குக் கொள்கை இருக்கவில்லை. அன்று புறப்பட்டவர்களும் அவர்களது பிள்ளைகளும் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் மென்பொருள் எழுதுகிறார்கள். இதை வாசிப்பவர்களில் சிலரும் அவர்களாக இருக்கலாம்.

அடுத்தது தொலைபேசி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இலங்கையில் நூறு பேருக்கு ஒரு தொலைபேசி கூட இல்லை. விண்ணப்பித்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பன்வில தபாலகத்தில் நான் உட்கார்ந்திருந்த மூன்று மணித்தியாலம் அந்தப் பெரிய காத்திருப்பின் ஒரு சிறு துண்டுதான். 1991ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம், சேவை வழங்கும் வேலையையும் அதைக் கட்டுப்படுத்தும் வேலையையும் பிரித்தது. 1996இல் கம்பியில்லாத் தொலைபேசி இணைப்பு வழங்க இரண்டு தனியார் நிறுவனங்கள் களத்தில் இறங்கின. 1997இல் ஸ்ரீலங்கா ரெலிகொம்மின் 35 வீதப் பங்கை ஜப்பானின் என்.ரி.ரி. நிறுவனம் வாங்கியது. இதற்கிடையில் 1995இல் வணிகரீதியான இணைய இணைப்பும் வந்துவிட்டது.

இந்த ஆண்டுகளை மனத்தில் வைத்துக்கொண்டு நிறுவனங்கள் பிறந்த ஆண்டுகளைப் பாருங்கள். மிலேனியம் ஐ.ரி. 1996இல் தொடங்கியது. பின்னாளில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தைவரை சென்ற வேர்ச்சுசாவும் 1996இல்தான். சுவீடனின் ஐ.எவ்.எஸ். 1997இல் இலங்கையில் தன் பணியகத்தைத் திறந்தது. 1996 சனவரியில் மத்திய வங்கிமீது குண்டுத்தாக்குதல் நடந்து கொழும்பின் நடுப்பகுதியே சிதைந்துபோன காலம் அது. அந்த நிலையிலும் இத்துறை தலையெடுத்ததென்றால், தொழில்முனைவோரின் துணிச்சல் பாதிக் காரணம். தொலைத்தொடர்புச் சீர்திருத்தமும், முதலீட்டுச் சபை வழங்கிய வரிச்சலுகையும், இலவசக் கல்வியில் படித்து வெளிவந்த மொறட்டுவ, பேராதனை, கொழும்புப் பட்டதாரிகளும் மறுபாதி. "அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை" என்று சொல்லும் என் நண்பரும் அந்த இலவசக் கல்வியில் படித்தவர்தான்!

இந்தியாவின் கதையும் இதையே உறுதிசெய்கிறது. 1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசு அறிவித்த கணினிக் கொள்கை இறக்குமதித் தீர்வைகளைக் குறைத்தது. அடுத்த ஆண்டு டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பெங்களூரில் கால்பதித்தது. 1991இல் நிறுவப்பட்ட மென்பொருள் தொழில்நுட்பப் பூங்காக்கள், சொந்தமாகச் செய்மதி இணைப்பு வாங்க வசதியற்ற சிறு நிறுவனங்களுக்கும் அந்த இணைப்பைக் கொடுத்தன. வரிச்சலுகையும் கூடவே வந்தது. தமிழ்நாட்டை எடுத்துக்கொண்டால், எண்பதுகளின் நடுப்பகுதியில் எம்.ஜி.ஆர். ஆட்சி தனியார் பொறியியற் கல்லூரிகளுக்குக் கதவைத் திறந்தது. 1997இல் மாநில அரசு தகவல் தொழில்நுட்பக் கொள்கையை வெளியிட்டது. 2000ஆம் ஆண்டு சென்னையில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. கட்டடம் எழுவதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே கல்லூரிகள் எழுந்துவிட்டன என்பதைக் கவனிக்க வேண்டும். கல்லூரிகளின் தரம் பற்றிய குறைகள் நியாயமானவை. ஆயினும் சிற்றூரிலிருந்து வந்த முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அவை ஒரு படிக்கட்டாக இருந்தன.

உலக அரங்கிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. அயர்லாந்து இலவச இடைநிலைக் கல்வியை நடைமுறைப்படுத்தியது 1967இல். இலங்கைக்கு முதல் கணினி வந்த அதே ஆண்டில். தொண்ணூறுகளில் அந்தச் சிறிய நாடு உலகின் பெரிய மென்பொருள் ஏற்றுமதியாளர்களில் ஒன்றாக நின்றது. குறைந்த வரிக்காகத்தான் கம்பனிகள் அங்கே போயின என்பார்கள். வரி ஒரு காரணம். ஆனால் அறுபதுகளின் இறுதியில் பள்ளிக்கூடம் போன ஏழை வீட்டுப் பிள்ளைகள் இல்லாமல் அந்தக் கம்பனிகள் யாரை வேலைக்கு எடுத்திருக்கும்?

இலங்கைக்குத் திரும்புவோம். இரண்டாயிரங்களில் அரசின் கை இன்னும் வெளிப்படையாகத் தெரிந்தது. 2003ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவரகம் உருவானது. உலக வங்கியின் கடனுதவியுடன் 'இ-ஸ்ரீலங்கா' திட்டம் தொடங்கியது. கிராமங்களில் 'நெனசல' என்ற அறிவகங்கள் திறக்கப்பட்டன. 2003இல் புலமைச் சொத்துச் சட்டம், 2006இல் மின்னணுக் கொடுக்கல்வாங்கல் சட்டம், 2007இல் கணினிக் குற்றச் சட்டம் என்று வரிசையாகச் சட்டங்கள் வந்தன. வெளிநாட்டு வங்கியொன்று தன் வாடிக்கையாளர் விபரங்களை இங்குள்ள கணினிகளில் ஒப்படைக்க வேண்டுமானால், அவற்றைத் திருடுபவனைத் தண்டிக்க இங்கே சட்டம் இருக்க வேண்டும். அதை எந்த நிறுவனமும் தானாக எழுதிக்கொள்ள முடியாது.

2009இல் இலண்டன் பங்குச் சந்தை மிலேனியம் ஐ.ரி.யை விலைக்கு வாங்கியது. 2011 முதல் இலங்கையர் எழுதிய மென்பொருளில் இலண்டனின் பங்கு வணிகம் ஓடத் தொடங்கியது. மூன்று நூற்றாண்டுகள் நடந்துவந்த இலண்டன் தேயிலை ஏலம் 1998இல் முடிவுக்கு வந்திருந்தது. நம் தேயிலைக்கு விலை குறித்த நகரம், இப்போது நம்மவர் எழுதிய நிரலில் பங்குகளுக்கு விலை குறித்தது. கொழும்புத் தேயிலை ஏலமோ 1883இலிருந்து கைதூக்கிக் கூவி நடந்து, 2020 ஏப்ரலில் பெருந்தொற்றுக் காலத்தில் கணினித் திரைக்கு மாறியது. மலையகத்துக் கொழுந்தும் இன்று மென்பொருள் வழியாகத்தான் விற்பனையாகிறது.

கொடுக்கும் கை எடுக்கும் கையாக மாறுவதும் உண்டு. 2017ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில் இத்துறைக்கு 14 வீத வரி; 2020 முதல் முழு விலக்கு; 2025 ஏப்ரல் முதல் சேவை ஏற்றுமதி வருமானத்திற்கு உச்சமாக 15 வீதம். எட்டு ஆண்டுகளுக்குள் மூன்று முறை திசைமாற்றம். எந்த வீதம் சரி என்பது பொருளியலாளர் தீர்க்கவேண்டிய வழக்கு. நாட்டின் வரவுசெலவில் பங்கு கொடுக்காமல் எந்தத் துறையும் இருக்க முடியாது என்பதே என் கட்சி. ஆனால் ஐந்தாண்டு ஒப்பந்தத்திற்கு விலை சொல்பவர் அடுத்த ஆண்டின் வரியை ஊகிக்கவேண்டிய நிலையில் இருப்பது நல்லதல்ல. 2022இல் பொருளாதாரம் சரிந்து, நாளொன்றுக்குப் பல மணித்தியாலம் மின்சாரம் நின்று, டீசலுக்கு வரிசையில் நின்ற மாதங்களில் மென்பொருள் நிறுவனங்கள் மின்பிறப்பாக்கிகளை ஓட்டி ஒப்பந்தங்களைக் காப்பாற்றின. 2023 சனவரியில் தனிநபர் வருமான வரியின் உச்சம் 36 வீதமானது. இளம் பொறியியலாளர் பலர் விமானம் ஏறினார்கள். 1983இல் தமிழர் மட்டும் கண்ட பயணம் இப்போது எல்லா இனத்தவருக்கும் பொதுவாகிவிட்டது.

இனி, நான் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய பன்விலைக்கு வருகிறேன்.

அந்த ஜன்னலோர இளைஞரின் பாட்டனார் நாடற்றவராக வாழ்ந்தவர். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரைக் குடியுரிமை அற்றவர்களாக்கியது. அவர்களுக்கு வாக்கு இல்லை, அரச உத்தியோகம் இல்லை. எஞ்சியிருந்தோரின் சிக்கல் 1988ஆம், 2003ஆம் ஆண்டுச் சட்டங்களால்தான் தீர்ந்தது. நாடு முழுவதற்கும் 1945இல் வந்த இலவசக் கல்வி தோட்டப் பாடசாலைகளுக்குள் நுழையவில்லை. அவற்றை அரசு பொறுப்பேற்றது எழுபதுகளில்தான். ஆக, கணினிக் கொள்கை எழுதப்பட்ட 1983இல், பன்வில மலைகளின் பிள்ளைகள் அரச பாடசாலையின் முதற்படியில்தான் நின்றுகொண்டிருந்தார்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான துறைகளுக்கு 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. பின்தங்கியவை எனக் குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களில் நுவரெலியா இருக்கிறது, பதுளை இருக்கிறது. கண்டி இல்லை. கண்டி நகரின் புகழ்பெற்ற பாடசாலைகளைப் பார்த்தால் அது நியாயமாகவே தோன்றும். ஆனால் பன்வில தோட்டத்துப் பிள்ளையும் கண்டி மாவட்டந்தான்! ஆய்வுகூடமும் பிரத்தியேக வகுப்பும் வாய்த்த நகரத்துப் பிள்ளையுடன், கணித ஆசிரியரையே காணாத தோட்டத்துப் பிள்ளை ஒரே வெட்டுப்புள்ளிக்குப் போட்டியிட வேண்டும். எல்லைக்கு அப்பால் நுவரெலியாவில், அதே போன்ற லயத்தில் பிறந்த பிள்ளைக்குக் கிடைக்கும் சிறு சலுகைகூட இவருக்கு இல்லை. வரைபடத்தில் கோடு எங்கே விழுந்தது என்பதே ஒருவர் கணினிப் பொறியியல் படிப்பதா, கடையில் வேலைக்கு நிற்பதா என்பதைத் தீர்மானித்துவிடுகிறது. மென்பொருள் கொள்கை ஆவணங்கள் எதிலும் இந்தக் கோடு பற்றிப் பேச்சே இல்லை.

நம் இளைஞர் எப்படித் தப்பினார்? வெட்டுப்புள்ளியில் தவறியவர், கொழும்புப் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டப்படிப்பில் சேர்ந்தார். அதற்கு மாவட்டக் கோடு கிடையாது. கட்டணம் கட்டி, ஆங்கிலத்தில் படித்துப் பரீட்சை எழுதினால் போதும். பகலில் கண்டியில் கடைவேலை, இரவில் படிப்பு. முடிக்க ஆறு ஆண்டுகள். அந்த வாசலைத் திறந்துவைத்ததும் ஓர் அரச பல்கலைக்கழகம்தான் என்பதை நான் மறக்க விரும்பவில்லை. ஆனால் அது ஒரு பக்கவாசல். ஊரில் எத்தனை பேர் அதன் வழியே நுழைந்தார்கள் என்று கேட்டேன். "எனக்குத் தெரிஞ்சு ரெண்டு பேர் ஐயா" என்றார்.

புறப்படும் வேளையில் அவரது தங்கை தேநீர் கொண்டுவந்து வைத்தாள். சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தில் 'ஏ' சித்தி. உயர்தரத்தில் கணிதப் பிரிவு படிக்க ஆசை. அவள் படிக்கும் பாடசாலையில் அந்தப் பிரிவு இல்லை. கண்டியில் தங்கிப் படிக்க வைத்தால் செலவு. பெண்பிள்ளையைத் தனியே விடத் தாய்க்குத் தயக்கம். "கலைப்பிரிவு எடுத்தாலும் படிப்புத்தானே" என்று தாய் சொல்கிறாராம். கலைப்பிரிவில் படித்தவன் என்ற முறையில் நான் அதை மறுக்கவில்லை. ஆனால் அது அவளது தெரிவாக இருக்க வேண்டுமே தவிர, ஆசிரியர் இல்லாத குறையின் தெரிவாக இருக்கக்கூடாது.

மென்பொருளுக்கு மண் வேண்டாம், மழை வேண்டாம், துறைமுகம் வேண்டாம் என்பார்கள். அதனால் அது எங்கும் முளைக்கும் என்றும் சொல்வார்கள். அதற்கு வேண்டியது கணித ஆசிரியர், ஆங்கில ஆசிரியர், அறுந்துபோகாத இணைப்பு, நம்பத்தக்க சட்டம், நாளைக்கும் மாறாத வரி. இவற்றுள் முதல் இரண்டும் மலைக்கு ஏறாதவரை, மற்ற மூன்றும் கொழும்புக்கு மட்டுமே பயன்படும்.

1867இல் ஓர் அந்நிய அரசு, மலையில் விளைந்ததைக் கீழே இறக்குவதற்காகக் கடுகண்ணாவையைக் குடைந்து தண்டவாளம் போட்டது. அதைச் செய்ய முடிந்த நாட்டில், அந்த மலையில் பிறந்த ஒரு பெண்பிள்ளைக்காக ஒரு கணித ஆசிரியரை மேலே அனுப்புவது அவ்வளவு கடினமான காரியமா? உயர்தர வகுப்புக்கு விண்ணப்பிக்க அவளுக்கு இன்னும் சில வாரங்கள்தான் இருக்கின்றன.